சேனைத் தண்ணீரும் மாடிப் படிகளும்

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த இல்லம் ஒன்றுக்குக் குழந்தை பார்க்கச் சென்றிருந்தோம். பிறந்து நான்கு நாள்களே ஆன சிசுவின் நாவில், பாட்டி சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைத்தார். "சேனை வைக்கிறேன் சாமி, நாக்கு இனித்தால்தானே வாக்கும் இனிக்கும்!" என்றார். அருகே நாற்காலியில் அமர்ந்திருந்த தாத்தா, சர்க்கரை நோய்க்கான மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். இவ்விரு காட்சிகளையும் ஒருங்கே கண்ட நமக்கு, 1953-ஆம் ஆண்டின் இங்கிலாந்து நினைவுக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ஆம் ஆண்டு சனவரியில், அந்நாட்டில் சர்க்கரைக்குப் பங்கீடு விதிக்கப்பட்டது. போர் முடிந்தும் அது நீங்கவில்லை. 1953 செப்டம்பரில்தான் நீங்கியது. உடனே மக்கள் உண்ட சர்க்கரையின் அளவு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஆகவே, அதற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் கருவான குழந்தைகள், மற்றெல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சூழலில் வளர்ந்து, சர்க்கரையில் மட்டும் பெரிதும் வேறுபட்டனர்.

அவர்களுள் சுமார் 60,000 பேரின் உடல்நலக் குறிப்புகளை ஆராய்ந்த அறிஞர்கள், தம் முடிவுகளை 2024-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். கருவுற்ற நாள் முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையுள்ள ஏறத்தாழ ஆயிரம் நாள்களில் பங்கீட்டுச் சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு, முதுமையை நெருங்கிய காலத்தில் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும், இரத்த அழுத்தம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடும் குறைந்திருந்தன. நீரிழிவு வந்தவர்களுக்கும் அது சுமார் நான்கு ஆண்டுகள் தாமதித்தே வந்தது. இந்த நன்மையில் மூன்றில் ஒரு பங்கு தாயின் வயிற்றிலேயே கிடைத்துவிட்டதாம்! அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர், அளவோடு உண்டவர்கள்.

அதே 1953-ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து மற்றொரு செய்தியும் வந்தது. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவர், இரட்டை மாடிப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை ஆராய்ந்து, 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் எழுதினார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, நாளொன்றுக்குச் சுமார் 600 படிகள் ஏறியிறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்தது. வந்தாலும் அது உயிரைப் பறிப்பது குறைவாயிருந்தது. ஓட்டுநர்களின் சீருடைகள் இடுப்பளவில் பெரியனவாயிருந்ததையும் அவரே பின்னர் கண்டறிந்தார். வேறு காரணங்களும் கலந்திருக்கலாமோ என்று ஐயுற்று, அரசு அலுவலர்களிடையே ஆய்வைத் தொடர்ந்தார். அங்கும், ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்க உடலுழைத்தவர்களே பெரிதும் தப்பினர். அவர் 99 வயது வரை வாழ்ந்து 2009-இல் மறைந்தார்.

இவற்றால் நாம் அறிவது யாது? உடல்நலத்தின் அடித்தளத்தைத் தாய் இடுகிறாள்; அதன்மேல் சுவர் எழுப்புவது அவரவர் உழைப்பு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் புகட்டுக. அதைப் பீய்ச்சிக் கொட்டுவது, நோய் எதிர்ப்பாற்றலையே கொட்டுவதாகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டா. பின்னர் மசித்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், கனிகள் முதலியவற்றோடு, இரண்டு வயது வரையேனும் தாய்ப்பாலையும் தொடர்க. அவற்றில் சர்க்கரை சேர்க்க வேண்டா. தேனும் ஓராண்டு நிறையுமுன் ஆகாது. பால் சுரப்பதில் இடர்ப்படும் தாயைக் குறை கூறாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் ஓடியாடட்டும். பெரியவர்கள் வாரத்தில் 150 நிமிடங்களேனும் விரைந்து நடக்கட்டும்.

இவற்றை எல்லாம் அந்தப் பாட்டியிடம் எடுத்துரைத்தோம். "ஒரு சொட்டில் என்ன சாமி வந்துவிடும்?" என்றார். ஒரு சொட்டினால் நீரிழிவு வந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் ஒரு சொட்டோடு நிற்கும் வீடு எது? நாளை பாலில் சர்க்கரை. மறுநாள் விருந்தினர் கொணரும் இனிப்பு ரொட்டி. அதன்பின் மிட்டாய் இன்றேல் அழுகை! பாட்டி சிறிது நேரம் தாத்தாவின் மாத்திரைப் பெட்டியையே நோக்கினார். பின்பு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் சென்றார்.

மறுவாரம் மாலை, அந்தத் தாத்தா கைத்தடியுடன் தெருவில் நடந்துகொண்டிருந்தார். "பேத்தியின் திருமணத்தைப் பார்க்க வேண்டுமே சாமி!" என்றார். நாமும் அவரோடு சிறிது தூரம் நடந்தோம்.