உட்படுத்தல் கல்வி

உட்படுத்தல் கல்வி என்றால் என்ன எனக் கேட்டால், "வலது குறைந்த பிள்ளைகளுக்கு அனுதாபம் காட்டுதல்" என்றே மாணவர் பலர் எழுதுகின்றனர். இதற்குப் புள்ளி கிடைப்பது அரிது. ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கும் ஏற்பப் பாடசாலை தன்னை மாற்றியமைத்துக் கொள்வதே உட்படுத்தல் கல்வியாகும். 1994 இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் நடைபெற்ற உலக மாநாடு இக்கருத்தை வலியுறுத்தியது.

இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இயலாமையைக் காரணம் காட்டி எக்கல்வி நிறுவனமும் அனுமதியில் பாரபட்சம் காட்டலாகாது. இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

ஆனால் அனுமதி கிடைத்தால் மட்டும் போதுமா? சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். விஞ்ஞான ஆய்வுகூடம் மேல்மாடியில் இருக்கிறது. எல்லோரும் செய்முறைக்குச் சென்றுவிட, அவள் கீழே தனித்திருக்கிறாள். இடாப்பில் அவள் பெயர் உண்டு. பாடத்தில் அவள் இல்லை. மின்தூக்கி பொருத்தப் பெருந்தொகை வேண்டும் என்பது உண்மையே. எனினும் இயன்ற செய்முறைகளையேனும் கீழ்மாடி வகுப்பறையில் நடத்த, நேரசூசியில் சிறு மாற்றம் போதும். பார்வை குறைந்த மாணவனை முன்வாங்கில் அமர்த்தி, கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டு வாசிப்பதற்கோ செலவே இல்லை.

பொதுப் பரீட்சைகளிலும் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற வசதிகள் உண்டு. இவற்றை முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெறவேண்டும். கடைசி வாரத்தில் ஓடித்திரிவதில் பயனில்லை.

குறிப்பு: விடையில் சட்டங்களை மட்டும் எழுதி நிறுத்தாது, உங்கள் பாடசாலையில் நீங்கள் கண்ட தடை ஒன்றையும் அதனை நீக்கும் வழியையும் எழுதுக.