பதினொரு மீற்றர் தூரத்தில் ஒரு பழி

தோல்வியிற் பல வகை உண்டு. அயலூருக்குச் சென்று தோற்றுத் திரும்புவோருக்கு, வழிநெடுகச் சொல்லிக்கொள்ளச் சமாதானங்கள் பல கிடைக்கும். பழகாத மைதானம் என்பர். பயணக் களைப்பு என்பர். எதிர்த்தரப்பாரின் கூச்சல் என்பர். ஆனால் சொந்த ஊரில், சொந்த அரங்கில், சொந்தச் சனங்களின் கண்ணெதிரே மயிரிழையில் தோற்பவருக்கு இத்தகைய புகல் எதுவும் இல்லை. அத்தோல்வியின் நடுவே தவறிப்போன தண்ட உதையொன்றும் இருந்துவிட்டால், பின்னர் நடப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஊர் முழுவதும் நீதிமன்றமாகிவிடும். வாயுள்ளோர் யாவரும் நியாயதுரந்தரர்களாகிவிடுவர். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரோ ஒரேயொருவர்: பந்தை உதைத்தவர்.

உதைபந்தாட்ட உலகில் இத்தகைய வழக்குகள் பல நடந்துள்ளன. அவற்றுள் ஒன்றை, 2012ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி இரவு ஜேர்மனியின் மியூனிச் நகரிலே தொடங்கிய வழக்கை, இங்கே வாசகர்களுக்கு எடுத்துக்கூற விழைகிறோம். ஆட்டத்தில் நாட்டமில்லாதோரும் இதனைப் படிக்கலாம். ஏனெனில் இது பந்தைப் பற்றிய கதை மட்டுமன்று.

சொந்த வீட்டில் இறுதியாட்டம்

ஐரோப்பியக் கழகங்களுக்கிடையிலான வாகையர் கிண்ணத்தின் இறுதியாட்டம் எங்கே நடைபெறும் என்பது ஆண்டுகள் பலவற்றுக்கு முன்னரே தீர்மானிக்கப்படுவது வழக்கம். 2012ஆம் ஆண்டு ஆட்டத்துக்கு மியூனிச் நகரின் அலியான்ஸ் அரங்கு 2009ஆம் ஆண்டிலேயே தெரிவாகியிருந்தது. அந்த அரங்கைச் சொந்த வீடாகக் கொண்ட பயேர்ன் மியூனிச் கழகமே இறுதியாட்டம் வரை முன்னேறியது அரிதிலும் அரிதான வாய்ப்பு. 1957இல் ரியல் மட்ரிட் கழகமும், 1965இல் மிலான் நகரின் இன்டர் கழகமும் சொந்த அரங்கில் இக்கிண்ணத்தை வென்றன. 1984இல் ரோமா கழகம் இதே வாய்ப்பைப் பெற்று, லிவர்பூலிடம் தண்ட உதைகளிலே தோற்றது. பவேரிய மக்களோ, "வீட்டிலே இறுதியாட்டம்" என்று தங்கள் வட்டார வழக்கிற் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தனர்.

அவர்களுடைய ஆவலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அவ்வாண்டு ஜேர்மனிய லீக் பட்டத்தை டோட்மண்ட் கழகம் தட்டிச் சென்றது. மே 12ஆம் திகதி பேர்லினில் நடந்த தேசியக் கிண்ண இறுதியாட்டத்திலும் அதே டோட்மண்டிடம் பயேர்ன் 5க்கு 2 என்ற கணக்கில் தோற்றது. எஞ்சியிருந்தது இந்த ஒரு கிண்ணமே.

எதிரே நின்றது லண்டன் செல்சி கழகம். அதன் தலைவர் ஜோன் டெரி உட்பட நால்வர் தடை காரணமாக ஆட முடியாதிருந்தனர். பயேர்ன் அணியிலும் மூவருக்கு அதே நிலை. 62,500 பேர் அரங்கில் நிறைந்திருந்தனர்.

வெண்ணெய் திரண்ட வேளை

ஆட்டம் முழுவதும் பந்து பயேர்ன் வீரர்களின் கால்களிலேயே சுழன்றது. மூலை உதைகளின் கணக்கொன்றே போதும்: பயேர்னுக்கு 20, செல்சிக்கு 1. எனினும் கோல் மட்டும் விழவில்லை. 83ஆவது நிமிடத்தில் தோமஸ் முல்லர் தலையால் முட்டிய பந்து வலைக்குட் சென்றபோதுதான் ஊர் மூச்சுவிட்டது. 87ஆவது நிமிடத்தில் பயிற்றுநர் யுப் ஹைன்கெஸ், கோலடித்த முல்லரை வெளியே அழைத்து, தடுப்பாட்டக்காரரான வான் பைட்டனை உள்ளே அனுப்பினார். முன்னிலையைக் காப்பாற்றும் எண்ணம் அது. அடுத்த நிமிடமே செல்சிக்கு அந்த ஒரேயொரு மூலை உதை கிடைத்தது. டிடியர் ட்ரொக்பா பாய்ந்து தலையால் முட்டினார், 1க்கு 1. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

மேலதிக நேரம் தொடங்கிச் சில நிமிடங்களில், பயேர்னின் பிராங்க் ரிபெரியை அதே ட்ரொக்பா தண்ட எல்லைக்குள் இடறிவிட்டார். நடுவர் தண்ட உதையை அறிவித்தார். பந்தை எடுத்துக்கொண்டவர் ஒல்லாந்து நாட்டவரான ஆர்யன் ரொபன். காவல் நின்றவர் செல்சியின் பீற்றர் செக். இருவரும் புதியவர்கள் அல்லர். ரொபன் 2004 முதல் 2007 வரை செல்சியில் ஆடியபோது ஒரே அணியிற் பழகியவர்கள். ரொபனின் இடது கால் பந்தைத் தாழ உதைத்தது. செக் தமது இடப்புறம் விழுந்து அதனை மறித்து, உடலுக்கடியில் அமுக்கிக்கொண்டார்.

பின்னர் வெற்றியைத் தீர்மானிக்கும் தண்ட உதைகள் வந்தன. செல்சியின் முதல் உதையைப் பயேர்ன் காப்பாளர் மனுவல் நோயர் தடுத்தார். லாம், கோமெஸ், நோயர் ஆகிய மூவரும் தத்தம் உதைகளைக் கோலாக்கினர். கிண்ணம் அருகே வந்துவிட்டது போலிருந்தது. ஆனால் ஒலிச் உதைத்ததைச் செக் தடுத்தார். ஷ்வைன்ஸ்ரைகர் உதைத்தது செக்கின் கைபட்டுக் கம்பத்தில் மோதியது. இறுதி உதையை ட்ரொக்பா கோலாக்க, 4க்கு 3 என்ற கணக்கிற் செல்சி வென்றது. லண்டன் நகரக் கழகமொன்று இக்கிண்ணத்தை வென்றது அதுவே முதல் தடவை. பயேர்ன் ரசிகர்களுக்கோ கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

இரு தரப்பு வாதம்

ஆட்டம் முடிந்தது, வழக்கு தொடங்கியது. அதில் எழக்கூடிய வாதங்களை ஒழுங்குபடுத்திப் பார்ப்போம்.

"ரொபனிடம் அந்தப் பந்தை ஏன் கொடுத்தார்கள்?" என்பது முதல் வினா. அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் திகதி, லீக் பட்டத்தை ஏறக்குறைய முடிவுசெய்த டோட்மண்ட் ஆட்டத்தில், அணி 1க்கு 0 எனப் பின்தங்கியிருந்த வேளையில், இறுதி நிமிடங்களிற் கிடைத்த தண்ட உதையை அவர் காப்பாளர் வைடன்ஃபெல்லரிடம் பறிகொடுத்தவர். ஒருமுறை சுட்ட நெருப்பில் மறுமுறை கைவைப்பார்களா என்று கேட்பதில் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும்.

ஆயினும் மறுதரப்பின் விடை வலுவானது. ஏப்ரல் 25இல் மட்ரிட் நகரிலே, பகையரங்கின் நடுவே, அரையிறுதியில் கிடைத்த தண்ட உதையைக் கோலாக்கியவர் யார்? அதே ரொபன். மே 12இல் பேர்லின் இறுதியாட்டத்தில் தண்ட உதையைக் கோலாக்கியவர் யார்? அவரே. ஆக, மியூனிச் இரவில் அவர் பந்தை எடுத்தது அகந்தையால் அன்று. அது அவருக்குரிய கடமையாக இருந்தது.

இரண்டாவது வாதம் பயிற்றுநரைச் சாரும். முல்லரை வெளியே எடுக்காவிடில் மேலதிக நேரத்தில் மற்றொரு கோல் விழுந்திருக்குமே என்பர் சிலர். முன்னிலையைக் காக்க முனைவது குற்றமா என்பர் வேறு சிலர். மூன்றாவது வாதம் அந்த 20 மூலை உதைகளைப் பற்றியது. 20 வாய்ப்புகளை அணியே வீணாக்கியிருக்க, ஒருவருடைய ஒரு வாய்ப்பை மட்டும் எண்ணுவது என்ன கணக்கு?

நான்காவது வாதம் சொந்த அணி ரசிகர்களின் வாயில் எளிதில் வராதது: எதிரி நன்றாக ஆடினார் என்பதே அது. செக் அன்றிரவு தம்மை நோக்கி வந்த ஆறு தண்ட உதைகளுக்கும் சரியான பக்கமே பாய்ந்தார். பயேர்ன் வீரர்கள் முன்னர் உதைத்த தண்ட உதைகளை எல்லாம் ஒளிப்பதிவிற் கண்டு பயின்று வந்தவர் அவர். தவறியது உதைத்தவரின் கால் என்று மட்டும் சொன்னால், தடுத்தவரின் கைக்கு உரிய மதிப்பை நாம் திருடியவர்களாவோம்.

தண்ட உதையின் இயல்பு

தண்ட உதை 1891ஆம் ஆண்டில் விதியாயிற்று. இதனை முன்மொழிந்தவர் அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்து மில்ஃபோர்ட் கிராமத்தைச் சேர்ந்த வில்லியம் மக்ரம். அவர் ஒரு கோல் காப்பாளர் என்பது வியப்பான செய்தி! கோலுக்கு அருகிலே வேண்டுமென்றே காலை இடறிவிடும் முரட்டு ஆட்டத்தை ஒழிக்க விரும்பிய அவர், தம் போன்ற காப்பாளருக்குத் தீங்கான விதியையே வேண்டிக்கொண்டார்.

பந்து வைக்கப்படும் தூரம் 11 மீற்றர். கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து அரை விநாடிக்குள் கோற்கோட்டை அடைந்துவிடும். ஆகவே காப்பாளர் பந்தைக் கண்டபின் பாய்வதற்கு நேரமில்லை, ஊகித்தே பாய்கிறார். இவ்வளவு சாதகம் உதைப்பவருக்கு இருந்தும், ஏறக்குறைய நான்கில் ஒரு தண்ட உதை கோலாவதில்லை. அரங்கில் இருப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். கோலடித்தால் "இதுதானே கடமை" என்பர். தவறினால் "இதுகூட முடியாதா" என்பர். புகழுக்கு இடமில்லாத, பழிக்கு மட்டுமே இடமுள்ள வேலை அது.

அதே வசந்த காலத்தில், ஏப்ரல் 24ஆம் திகதி, பார்சிலோனாவின் சொந்த அரங்கில், அதே செல்சிக்கு எதிராக, அதே ட்ரொக்பா இழைத்த தவறுக்குக் கிடைத்த தண்ட உதையை லயனல் மெஸ்ஸி குறுக்குக் கம்பத்தில் அடித்தார். செல்சி இறுதியாட்டத்துக்குச் சென்றது. யானைக்கும் அடி சறுக்கும் என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டுமா?

சீழ்க்கை ஒலி

மே 22ஆம் திகதி, இறுதியாட்டம் முடிந்து மூன்றாம் நாள், அதே அரங்கில் பயேர்ன் கழகமும் ஒல்லாந்து தேசிய அணியும் நட்பாட்டமொன்றில் மோதின. 2010 உலகக் கிண்ணக் காலத்தை ஒட்டி ரொபன் காயமுற்று, நெடுங்காலம் கழகத்துக்கு ஆட முடியாது போனமைக்கு ஈடாக முன்னரே ஒழுங்கு செய்யப்பட்ட ஆட்டம் அது. ரொபன் தம் நாட்டு அணிக்காகக் களமிறங்கினார். அவருடைய காலிற் பந்து பட்டபோதெல்லாம் பயேர்ன் ரசிகர்களிடமிருந்து சீழ்க்கையும் ஏளனக் கூச்சலும் எழுந்தன.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அன்றிரவு ஒலிச்சும் தவறவிட்டார். அந்த மண்ணிலே பிறந்து, சிறு வயதிலேயே அக்கழகத்தில் சேர்ந்த ஷ்வைன்ஸ்ரைகரும் தவறவிட்டார். சீழ்க்கை முழுவதும் ரொபனுக்கே போய்ச் சேர்ந்தது ஏன்? வேற்று நாட்டுச் சட்டை அணிந்து வந்ததனாலா? வென்றால் "நம்மவர்", தோற்றால் "அந்நியர்" என்பது ரசிகர் உலகின் பழைய நோய். அந்நோய் முற்றினால் என்ன ஆகும் என்பதை 2021ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் திகதி இங்கிலாந்து கண்டது. லண்டன் வெம்ப்ளி அரங்கில், ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், இத்தாலியிடம் தண்ட உதைகளிலே தோற்ற இங்கிலாந்து அணியில் ரஷ்ஃபோர்ட், சான்சோ, சாக்கா ஆகிய மூவர் தவறவிட்டனர். மூவரும் கறுப்பின இளைஞர்கள். சாக்காவுக்கு வயது 19. நிறத்தைச் சுட்டிய வசைமாரி அவர்கள்மீது பொழிந்தது. நல்லோரும் இல்லாமற் போகவில்லை. மன்செஸ்டரில் ரஷ்ஃபோர்டின் சுவரோவியம் பழுதாக்கப்பட்டபோது, சிறுவரும் பெரியோரும் அன்புக் கடிதங்களை ஒட்டி அதனை மூடினர். 2024ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் சாக்கா மீண்டும் தண்ட உதைக்கு முன்வந்து கோலடித்தார்.

மியூனிச் கழகத்திலே ரொபனின் வேதனையை நன்கு உணரத்தக்க ஒருவர் இருந்தார். அக்காலக் கழகத் தலைவர் ஊலி ஹோனெஸ், 1976ஆம் ஆண்டு பெல்கிறேட் நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், மேற்கு ஜேர்மனிக்காகத் தாம் உதைத்த தண்ட உதையைக் கோலுக்கு மேலே வானத்தில் அனுப்பியவர். அந்த ஓர் உதை அவருடைய வாழ்வை முடித்துவிடவில்லை என்பதற்கு அவர் அமர்ந்திருந்த நாற்காலியே சாட்சி.

மறுவிசாரணை

2013ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி, வெம்ப்ளி அரங்கில் பயேர்ன் மீண்டும் அதே கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் நின்றது. எதிரணி டோட்மண்ட். 1க்கு 1 என்றிருந்த 89ஆவது நிமிடத்தில், மியூனிச்சில் எவர் இடறி விழுந்ததனால் அந்தத் தண்ட உதை கிடைத்ததோ அதே ரிபெரி, குதிகாலாற் பந்தைத் தள்ளினார். ரொபன் புகுந்து ஓடி, முந்திய ஆண்டு தம்முடைய தண்ட உதையைத் தடுத்த அதே வைடன்ஃபெல்லரைக் கடந்து பந்தை உருட்டிவிட்டார். பயேர்ன் 2க்கு 1 என வென்றது. அவ்வாண்டு லீக் பட்டமும் தேசியக் கிண்ணமும் சேர்ந்து மூன்றும் அதன் வசமாயின. சீழ்க்கையடித்த வாய்களே ரொபனின் பெயரைப் பாடின. 2019ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி, மியூனிச் அரங்கில், பயேர்னுக்கான தமது கடைசி லீக் ஆட்டத்திலும் அவர் ஒரு கோலடித்து, கண்ணீரோடு எழுந்து நின்ற கூட்டத்திடம் விடைபெற்றார்.

ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. வெம்ப்ளியில் அவர் கோலடிக்காமற் போயிருந்தாலும், மியூனிச்சில் அவருக்குக் கிடைத்த சீழ்க்கை அநீதியாகவே இருந்திருக்கும். பின்னர் வென்றவரை மன்னிப்பது எளிது. அதற்குப் பெருந்தன்மை தேவையில்லை. இன்னும் வெல்லாதவரை, தோற்ற மூன்றாம் நாளிலே அணைத்துக்கொள்வதே ரசிகருக்கு அழகு.

இது மைதானத்துக்கு மட்டும் உரிய நீதியன்று. பரீட்சையிலே சில புள்ளிகளால் தவறிய பிள்ளை வீட்டு வாசலிலே வந்து நிற்கும்போதும், தொழிலில் நட்டமடைந்த தமையன் தலைகுனிந்து நிற்கும்போதும், நம் முன்னே இருப்பது அந்த 11 மீற்றர் தூரமே. தவறு எங்கே நேர்ந்தது என்று ஆராய்வதற்குப் பல நாட்கள் உண்டு, ஆராயவும் வேண்டும். முதல் நாளில் அவர்கள் காதில் விழவேண்டியது சீழ்க்கையன்று. பந்தை எடுத்துக்கொண்டு முன்னே சென்றவர் அவர். நாமோ இருக்கையில் இருந்தவர்கள்.