விளம்பர இசையும் வீட்டுத் துயரும்: ‘தஹிட்டியில் தொல்லை’ பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்க முதலாளித்துவத்தை எள்ளிய இசைநாடகங்களுள் மார்க் பிளிற்ஸ்ரைனின் ‘தொட்டில் ஆடும்’ (1937) குறிப்பிடத்தக்கது. உருக்காலை முதலாளியும் தொழிற்சங்கமும் அதில் நேர்நின்று மோதின. பிளிற்ஸ்ரைனுக்கே காணிக்கையாக்கி லெனார்ட் பேர்ன்ஸ்ரைன் எழுதி இசையமைத்த ‘தஹிட்டியில் தொல்லை’ 1952 ஜூன் 12 ஆம் திகதி பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் அரங்கேறியது. ஏழு காட்சிகள் கொண்ட இக்குறு ஓப்பராவில் ஆலையுமில்லை, தொழிலாளியுமில்லை. பதினைந்து ஆண்டுகளில் நேர்ந்த இம்மாற்றத்தின் பொருள் யாது என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

கதை ஒரே நாளில் நிகழ்வது. புறநகர்த் தம்பதியரான சாமும் டைனாவும் காலையுணவின்போதே பூசலிடுகின்றனர். மகன் நடிக்கும் பாடசாலை நாடகத்துக்கு இருவருமே செல்வதில்லை. சாம் அலுவலகத்தில் ஒருவருக்குக் கடன் மறுத்து, நண்பனுக்கு வழங்குகிறான். பின்னர் விளையாட்டுப் போட்டியொன்றில் வென்று மகிழ்கிறான். டைனா, தான் பார்த்த ஹொலிவூட் படத்தை வெறும் குப்பையெனப் பழிக்கத் தொடங்கி, அதன் பாடலிலேயே மெய்மறந்துபோகிறாள். ஓப்பராவின் தலைப்பு அப்படத்தின் பெயரே. இரவில், மனம்விட்டுப் பேச முயன்று தோற்ற இருவரும் அதே படத்துக்குப் புறப்படுகின்றனர்.

இவ்வோப்பராவின் எள்ளல் மூவர் குழுவின் இசையிலேயே மையங்கொண்டுள்ளது. கிரேக்க நாடகத்தின் கோரஸ் நிகழ்வுகளை நிறுத்துச் சீர்தூக்கியது; இம்மூவரோ வானொலி விளம்பரக் குரலில், ஜாஸ் சாயலில், புறநகர் இன்பத்தைப் போற்றிப் பாடுகின்றனர். ஸ்காஸ்டேல், ஷேக்கர் ஹைற்ஸ் என ஊர்ப்பெயர்கள் மாறினும் வெண்ணிறச் சிறுவீடு மாறுவதில்லை. வாழ்விடமும் ஒரே அச்சில் வார்த்த பண்டமாகிவிட்டது. பாடல் இனிக்குந்தோறும் வீட்டின் வெறுமை துலங்குகிறது.

அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் விளக்கிய ‘பண்பாட்டுக் கைத்தொழில்’ இங்கு உருவம் பெறுகிறது. டைனா ஏமாளியல்லள், படத்தின் பொய்மையை அவள் நன்கறிவாள். எனினும் அவ்வறிவு அவளை விடுவிக்கவில்லை. தனித்து நிற்கும் நுகர்வோனின் விமர்சனம் மற்றுமொரு நுழைவுச்சீட்டிலேயே முடிகிறது.

மக்காத்தியக் காலத்து அச்சச் சூழலில் எழுந்த இப்படைப்பு, அவ்வீட்டைக் கட்டிய உழைப்பைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. விளம்பரக் குரலை எள்ளிய இவ்வோப்பராவை அதே ஆண்டில் என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியமையும் மனங்கொள்ளத்தக்கது. எள்ளலையும் சந்தை விழுங்கவல்லது. 1937 இல் ஒலித்த கூட்டுக்குரல் இன்றி நோயை இனங்காணலாம்; அதனைத் தீர்க்க இயலாது என்பதே இவ்விரு படைப்புகளையும் ஒருங்குவைத்து நோக்கும்போது நாம் பெறும் முடிபாகும்.