தாத்தாவின் தொப்பி கறுப்பா, சிவப்பா?

ராசிபுரம், சேலம் பக்கத்து வீடுகளில் பழைய பெட்டியை ஒழிக்கும்போது சில சமயம் ஒரு கடைப் படம் கிடைக்கும். நடுவில் நாற்காலியில் முதலாளி, பக்கத்தில் கணக்குப்பிள்ளை, பின்னால் நிற்கும் சிப்பந்திகள், தரையில் எடுபிடிப் பையன்கள். இப்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் அதை செல்போன் செயலியில் போட்டு வண்ணம் ஏற்றி, அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1920-கள் வரை ஸ்டுடியோக்களில் பரவலாக இருந்த கண்ணாடித் தகடுகளில் சிவப்பு சரியாகப் பதியாது. நீலம் மிகையாகப் பதியும். அதனால் சிவப்பு துருக்கித் தொப்பி படத்தில் கறுப்பாக விழும்; வெளிர்நீலக் கட்டம் போட்ட கைலி ஏறக்குறைய வெள்ளை வேட்டியாகத் தெரியும். மருதாணி இட்ட தாடியும் கறுத்துவிடும். அறுபது வயதுக்காரரை நாற்பது என்று நினைத்து, தகப்பனை மகன் என்று அடையாளம் சொல்லிவிட வாய்ப்பு உண்டு. மாநிறமும் இருந்ததைவிட அதிகமாகக் கறுத்தே தெரியும். செயலிக்கு இதெல்லாம் தெரியாது. கறுப்பைக் கறுப்பு என்றே எடுத்துக்கொண்டு தொப்பிக்குக் கறுப்புச் சாயம் பூசிவிடும்.

துருக்கித் தொப்பியை வைத்துக் காலம் கணிப்பவர்களும் உண்டு. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1820-களில் தன் படைக்குக் கொண்டுவந்தது அது. ஆனால் பெருமளவில் தயாரித்து அனுப்பியவை ஆஸ்திரியப் பேரரசின் ஆலைகள். போஸ்னியாவை ஆஸ்திரியா இணைத்துக்கொண்ட 1908-இல் துருக்கியர்கள் அந்நாட்டுத் தொப்பியையே பகிஷ்கரித்தார்கள். கிலாஃபத் இயக்க நாட்களில் நம் நாட்டில் அது ஓர் அடையாளமாகவே ஆனது. துருக்கியில் 1925-இல் தடை செய்யப்பட்ட பிறகும் இங்கே பலர் அணிந்தார்கள். ஆகவே தொப்பி இருப்பதால் மட்டும் படம் 1925-க்கு முந்தையது ஆகிவிடாது.

கைலி வேறு கதை. பழவேற்காட்டுத் துறைமுகம் வழியாகக் கீழைநாடுகளுக்குக் கட்டம் போட்ட துணி போனதால், மலாய் மொழியில் இன்றும் கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்றே பெயர். சபர் போனவர்கள் கடையிலும் அதைக் கட்டினார்கள். அதனால் கைலி கட்டியவரெல்லாம் கூலியாள் என்று முடிவு கட்ட வேண்டாம். கோட்டு போட்டவர் எல்லாம் முதலாளியும் அல்ல. படம் பிடிக்கக் கோட்டும் கடிகாரச் சங்கிலியும் இரவலாகக் கிடைத்த காலம் அது. யார் யார் என்று ஊகிக்க, உடையைவிட யார் உட்கார்ந்திருக்கிறார், யார் காலில் செருப்பு இருக்கிறது என்று பார்ப்பது மேல். அதுவும் உறுதி அல்ல.

படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அது எந்த ஊர்க் கடை என்பதற்கு நல்ல தடயம். ‘சேலம் ஜில்லா, ராசிபுரம்’ என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான்.

வண்ணம் ஏற்றுவதென்றால் ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் மூலப் படத்தையும் சேர்த்தே பகிருங்கள். அசலை லேமினேட் செய்யாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்காமல் அப்படியே ஸ்கேன் எடுக்கலாம். வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர் இருந்தால், படத்தை அவர் கையில் கொடுத்து, சொல்லும் பெயர்களைப் பென்சிலால் லேசாகப் பின்னால் எழுதிவையுங்கள். உறுதியில்லாத பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளலாம்.