புற்றுநோய்க்கு வைரஸ் சிகிச்சை: எவ்வளவு பாதுகாப்பானது?

"நோயைத் தரும் வைரஸையே மருந்தாக உடலில் செலுத்துவதா?" எனச் சிலர் எங்களிடம் கேட்கின்றனர். கொரோனாக் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இந்த அச்சம் இயல்பானதே.

அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற டி-வெக் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க் கட்டிக்குள் இது நேரடியாக ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. உதட்டோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸே இதன் மூலம். ஆனால் அதிலிருந்து இரண்டு மரபணுக்கள் நீக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று இல்லாததால், நலமான உயிரணுக்களின் தற்காப்பை இவ்வைரஸால் எளிதில் வெல்ல இயலாது. புற்றணுக்களிலோ அத்தற்காப்பு பெரும்பாலும் பழுதடைந்திருக்கும். ஆகவே அங்கே அது பெருகி, அவற்றை உடைத்துச் சிதைக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் மரபணு ஒன்றும் இதில் சேர்க்கப்பட்டுள்ளது.

முதல் ஊசி செறிவு குறைந்தது. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக மூன்று வாரங்கள் விட்டு, அதன்பின் நூறு மடங்கு செறிவுள்ள மருந்து தரப்படுகிறது.

436 பேர் பங்கேற்ற ஆய்வில் சோர்வு, குளிர்நடுக்கம், காய்ச்சல், குமட்டல், ஊசியிட்ட இடத்தில் வலி ஆகியவையே மிகுதியாகக் காணப்பட்டன. கடுமையான விளைவுகளுள் முதன்மையானது தோலடித் திசுத் தொற்று. அது நூற்றுக்குச் சுமார் இருவருக்கு ஏற்பட்டது. பயனையும் மிகைப்படுத்தலாகாது. ஆறு மாதமேனும் நீடித்த கட்டிச் சுருக்கம் நூற்றுக்குச் சுமார் 16 பேரிடமே காணப்பட்டது. ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களில் அது 2 பேர்.

எல்லோருக்கும் இது ஏற்றதன்று. கருவுற்ற பெண்களுக்கும், எதிர்ப்பாற்றல் பெரிதும் குன்றியவர்களுக்கும் தரப்படுவதில்லை. உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் உட்கொள்ளும் மாத்திரைகள், நெடுநாள் ஸ்டீராய்டு ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்க வேண்டா.

உடனிருந்து கவனிப்போருக்கும் கடமை உண்டு. ஊசியிட்ட இடம் குறைந்தது ஒரு வாரம் காற்றுப்புகாத கட்டினால் மூடப்பட்டிருக்க வேண்டும். கட்டு மாற்றும்போது கையுறை அணியுங்கள். பழைய கட்டை உறையிலிட்டு மூடி அப்புறப்படுத்துங்கள். வீட்டில் கருவுற்றவரோ எதிர்ப்பாற்றல் குன்றியவரோ இருப்பின் அப்பணியை வேறொருவர் ஏற்க வேண்டும்.

உதட்டிலோ விரலிலோ கொப்புளம் தோன்றினால் உடனே தெரிவியுங்கள். அசைக்ளோவிர் என்னும் மருந்து இவ்வைரஸைக் கட்டுப்படுத்தும்; அதுவே சிகிச்சையின் பயனையும் குறைக்கக்கூடும். ஆதலால் மருந்துக் கடையில் தாமாக வாங்கி உட்கொள்ளாமல், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.