சிறிய ஜெனரேட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் தாளில் கணக்குப் போடுங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டெல்டா, கடலோர மாவட்ட விவசாயிகள் அதிகம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ‘எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர் வாங்கலாம்?’ என்பது. இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் செல்போனுக்கு சார்ஜ் போடவும்கூட ஊருக்கு ஊர் வாடகை ஜெனரேட்டரைத்தான் நம்பியிருந்தார்கள்.

அதன் பிறகு பலர் சொந்தமாக ஜெனரேட்டர் வாங்கினார்கள். ஆனால் கடைக்காரர் காட்டியதையோ, பக்கத்துத் தோட்டத்தில் இருப்பதையோ பார்த்து வாங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். மோட்டாரைப் போட்டதும் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். அல்லது தேவைக்கு மேல் பெரிதாக வாங்கி, நான்கு பல்பு எரிய லிட்டர் கணக்கில் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கும். இரண்டையும் தவிர்க்க ஒரு தாளும் பேனாவும் போதும்.

எதை ஓட்டப் போகிறீர்கள்?

மின்சாரம் இல்லாத நாளில் கட்டாயம் ஓட வேண்டியவை எவை என்று முதலில் எழுதுங்கள். ‘இருந்தால் நல்லது’ என்பதை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பத்துக் கறவை மாடு வைத்திருக்கும் ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். பால் கறவை இயந்திரம் ஓட வேண்டும். கறவை தள்ளிப்போனால் மடி கட்டிக்கொள்ளும், மடிநோய் வரும் வாய்ப்பும் கூடும். மாட்டுக்குக் குடிக்கவும் கொட்டகை கழுவவும் தண்ணீர் வேண்டும். வெளிச்சம் வேண்டும். இவை கட்டாயம். 2 எச்.பி. தட்டை வெட்டும் இயந்திரம் கட்டாயமில்லை. புயல் அறிவிப்பு வந்தவுடன் இரண்டு நாளுக்கு வேண்டிய தட்டையை வெட்டி வைத்துவிடலாம். இந்த ஒன்றை விட்டுவிட்டாலே ஜெனரேட்டரின் அளவும் விலையும் குறைந்துவிடும்.

ஓடும் வாட்ஸ் வேறு, கிளம்பும் வாட்ஸ் வேறு

பல்பு, டிவி, சார்ஜர் போன்றவற்றுக்கு அவற்றில் எழுதியிருக்கும் வாட்ஸ் கணக்கே போதும். மோட்டார் அப்படியல்ல. நின்றிருக்கும் மாட்டு வண்டியை நகர்த்த முதல் இழுப்புக்கு அதிக பலம் வேண்டும்; உருளத் தொடங்கிய பிறகு பாதி பலம் போதும். மோட்டாரும் அதுபோலத்தான். 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 1,000 வாட்ஸ் எடுக்கும். கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் அதைப்போல் மூன்று மடங்கு வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 3,000 வாட்ஸ்.

மேலே சொன்ன பண்ணையின் கணக்கு இது:

- கறவை இயந்திரம், 1 எச்.பி.: ஓட 1,000 வாட்ஸ், கிளம்ப 3,000 வாட்ஸ்
- தண்ணீர் மோட்டார், 1 எச்.பி.: ஓட 1,000 வாட்ஸ், கிளம்ப 3,000 வாட்ஸ்
- 10 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு 5: 50 வாட்ஸ்
- 75 வாட்ஸ் மின்விசிறி 2: 150 வாட்ஸ்

இரண்டு மோட்டாரையும் ஒரே நேரத்தில் கிளப்பினால் 6,200 வாட்ஸ் வேண்டும். ஒன்றைக் கிளப்பி, அது ஓடத் தொடங்கியபின் மற்றொன்றைக் கிளப்பினால் 4,200 வாட்ஸ் போதும். முதலில் தண்ணீர் ஏற்றிவிட்டு, அந்த மோட்டாரை நிறுத்திவிட்டுக் கறவையைத் தொடங்கினால் 3,200 வாட்ஸில் முடிந்துவிடும். பண்ணையும் மாடும் அதேதான்; சுவிட்ச் போடும் வரிசை மட்டும் மாறியது. ஜெனரேட்டரின் அளவு பாதியாகிவிட்டது.

பெயர்ப்பலகையில் எதைப் பார்ப்பது?

ஜெனரேட்டரில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அதிகபட்சத் திறன். அது சில நொடிகளுக்கோ சில நிமிடங்களுக்கோ மட்டும் தாங்கக்கூடியது. மற்றொன்று தொடர் திறன், மணிக்கணக்கில் தாங்கக்கூடியது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அதிகபட்சத் திறன்தான்.

இரண்டு விதிகளை நினைவில் வையுங்கள். உங்கள் கிளம்பும் சுமை, அதிகபட்சத் திறனைத் தாண்டக் கூடாது. உங்கள் ஓடும் சுமை, தொடர் திறனில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது.

நம் எடுத்துக்காட்டுப் பண்ணைக்கு, ஒரு நேரத்தில் ஒரு மோட்டார் என்ற முறையில், கிளம்பும் சுமை 3,200 வாட்ஸ். ஓடும் சுமை 1,200 வாட்ஸ். எனவே அதிகபட்சத் திறன் 3.5 கிலோவாட், தொடர் திறன் 3 கிலோவாட் அளவில் உள்ள ஜெனரேட்டர் பொருந்தும். கே.வி.ஏ. என்று எழுதியிருந்தால் அதை 0.8 ஆல் பெருக்கிக் கிலோவாட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். 5 கே.வி.ஏ. என்பது 4 கிலோவாட்.

கணக்கு சரியாக இருந்தாலும் பழைய மோட்டாரும் பலவீனமான கெபாசிட்டரும் கூடுதலாக இழுக்கும். எனவே பணம் கொடுக்கும் முன், உங்கள் மோட்டாரையே அந்த ஜெனரேட்டரில் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று முறை தொடர்ந்து தடுமாறாமல் கிளம்பினால் வாங்கலாம். செம்புக் கம்பி சுற்றியதா, மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர். இருக்கிறதா, ஆயில் குறைந்தால் தானாக நிற்குமா, உதிரிபாகமும் சர்வீஸும் பக்கத்து ஊரிலேயே கிடைக்குமா என்றும் கேளுங்கள். இந்த அளவு ஜெனரேட்டர் 45 முதல் 50 கிலோ எடை இருக்கும். சக்கரம் இருந்தால் ஒருவரே நகர்த்தலாம்.

‘இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்’ என்று ஒரு வகை உண்டு. சத்தம் குறைவு, கம்ப்யூட்டர் போன்ற நுட்பமான கருவிகளுக்கு நல்லது. ஆனால் அதே திறனுக்கு விலை அதிகம். மோட்டார் ஓட்டுவதே உங்கள் முக்கிய வேலை என்றால் சாதாரண வகையே போதும்.

சிறிய ஜெனரேட்டரால் முடியாதவை

5 எச்.பி. மூன்று பேஸ் பம்புசெட்டைச் சிங்கிள் பேஸ் ஜெனரேட்டரால் ஓட்ட முடியாது. அதற்கு 10 முதல் 15 கே.வி.ஏ. மூன்று பேஸ் டீசல் ஜெனரேட்டர் தேவைப்படும். சுற்றிலும் அடைத்து மின்விசிறியில் இயங்கும் கறிக்கோழிப் பண்ணைக்கும் கயிறு இழுத்துக் கிளப்பும் ஜெனரேட்டரை நம்பாதீர்கள். கோடையில் விசிறி நின்றால் சிறிது நேரத்திலேயே கோழிகள் சாகத் தொடங்கிவிடும். மின்சாரம் போனதும் தானாகக் கிளம்பும் டீசல் ஜெனரேட்டர்தான் அங்கே வேண்டும்.

செலவு எவ்வளவு?

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு யூனிட் மின்சாரம் தர ஏறக்குறைய அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்கும். சுமை குறைவாக இருந்தால் யூனிட்டுக்கு ஆகும் பெட்ரோல் கூடும். நம் பண்ணையில் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 300 முதல் 400 ரூபாய். நாளுக்கு 80 லிட்டர் பால் சங்கத்துக்கு ஊற்றும் பண்ணைக்கு இது தாங்கக்கூடிய செலவு. இரண்டு மாடு வைத்திருப்பவர் கையால் கறந்துவிடலாம்; அவருக்கு ஜெனரேட்டர் தேவையில்லை. வருடத்தில் நான்கைந்து நாள்தான் தேவை என்றால் பக்கத்துப் பண்ணைக்காரருடன் பங்கு போட்டு வாங்குங்கள். கறவை நேரத்தை ஒரு மணி நேரம் முன்பின்னாக வைத்துக்கொண்டால் ஒன்றே இருவருக்கும் போதும்.

படுக்கும் இடத்துக்கு ஜெனரேட்டர் வேண்டாம்

அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் லாரி கேபினில் படுக்கிறார்கள். காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகிறவர்களும் வண்டியிலேயே இரவைக் கழிக்கிறார்கள். தோட்டத்துக் காவல் குடிசையிலும் ஆள் இருக்கிறது. இவர்களும் விசிறிக்காகச் சிறிய ஜெனரேட்டர் கேட்கிறார்கள். இதற்கும் கணக்குப் போடுவோம். 12 வோல்ட் விசிறி 25 வாட்ஸ், விளக்கு 5 வாட்ஸ், செல்போன் சார்ஜர் 10 வாட்ஸ். மொத்தம் 40 வாட்ஸ். எட்டு மணி நேரத்துக்கு 320 வாட் மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் 1,200 வாட் மணி இருக்கும். அதில் பாதியை எடுத்தாலே இரவு முழுவதும் போதும். வண்டியைக் கிளப்பும் பேட்டரியில் கை வைக்காமல், இதற்கென்று தனியாக ஒரு டியூபுலர் பேட்டரி வாங்கிப் பகலில் சோலார் தகட்டிலோ கரண்டிலோ சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். சத்தமில்லை, புகையில்லை, பெட்ரோலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். எழுந்து வெளியே போய்விடலாம். தூங்குகிறவர் எழுவதே இல்லை. எனவே ஜெனரேட்டரை வீட்டுக்குள், கொட்டகைக்குள், திண்ணையில், கேபினுக்கு அருகில் எங்கும் வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. குறைந்தது 20 அடி தள்றி, சைலன்சர் வாய் ஆட்கள் இருக்கும் பக்கம் பார்க்காதபடி வையுங்கள். மழைக்கு மேலே தகரம் போடலாம். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108 ஐ அழையுங்கள்.

லைன்மேன் உயிரும் உங்கள் கையில்

இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயரால் ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் சொருகுவது சில இடங்களில் பழக்கமாக இருக்கிறது. இது கூடவே கூடாது. அந்த மின்சாரம் மீட்டர் வழியாகக் கம்பத்துக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் அதை 11,000 அல்லது 22,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். கரண்ட் இல்லை என்று நம்பி லைனில் வேலை செய்யும் ஊழியர் உயிரிழக்க நேரும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். மின்வாரிய அலுவலகத்திலும் தெரிவித்துவிடுங்கள். அதுவரை மோட்டாரை நேரடியாக ஜெனரேட்டர் பிளக்கில் சொருகி ஓட்டுங்கள். இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் பயன்படுத்துங்கள். 100 அடிக்கு மேல் போனால் நான்கு சதுர மில்லிமீட்டர் நல்லது.

வாங்கிய பிறகு

மாதம் ஒருமுறை ஒரு மோட்டாரை மாட்டி 15 நிமிடம் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கிளப்பும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதானால் டேங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போதோ சூடு ஆறாமலோ பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

புயல் அறிவிப்பு வந்த பிறகு கடைக்குப் போனால் இருப்பதைத்தான் வாங்க முடியும். இன்று மாலை கறவை முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, மோட்டார்களில் எழுதியிருக்கும் எச்.பி.யைக் குறித்துக் கணக்கைப் போட்டுவிடுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.