எதைச் சாய்ஸில் விடலாம்?

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் ஜல்லிக்கட்டு முடிந்துவிட்டதென்றால், மதுரை வட்டாரத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வுக் காலம் வந்துவிட்டது என்று பொருள். அரையாண்டுத் தாள் கைக்கு வந்திருக்கும். பொதுத்தேர்வுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம். மேலூரோ உசிலம்பட்டியோ வாடிப்பட்டியோ, சிறப்பு வகுப்பில் ஆசிரியரிடம் தவறாமல் வரும் கேள்வி: “சார், இந்தப் பாடத்தைச் சாய்ஸ்ல விட்டுரலாமா?”

நியாயமான கேள்விதான். கணக்கில் 8 பாடம், அறிவியலில் 23 அலகு. சமூக அறிவியலில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கு பிரிவு. மாலை வகுப்பு முடிந்து டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து ஊர் போய்ச் சேரும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் படிக்க நேரம் ஏது? ஆனால் அப்பாவோ அண்ணனோ படித்த காலத்தில் இதற்கு இருந்த பதில் இன்று செல்லாது. பல வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

அப்போது ‘ப்ளூ பிரிண்ட்’ இருந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை சின்னக் கேள்வி, எத்தனை பெரிய கேள்வி என்று முன்கூட்டியே சொல்லிவிடும் அட்டவணை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வு 200 மதிப்பெண்ணுக்கு நடந்த நாட்களில் பத்து மார்க் கேள்விகள் 16 வரும். 10 எழுத வேண்டும். அந்த 16இல் பகுமுறை வடிவக் கணிதத்துக்கு 3, வெக்டருக்கு 2, நிகழ்தகவுக்கு 1 எனப் பங்கு பிரித்திருந்தார்கள். கட்டாயக் கேள்வி என்ற ஒரு சிக்கலைத் தவிர்த்தால், எந்தப் பாடத்தைத் தொடாமலே கரையேறலாம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். விடுதி வைத்து நடத்திய சில தனியார் பள்ளிகள் இன்னும் ஒரு படி மேலே போய், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தையே சாய்ஸில் விட்டன!

2017இல் இந்த ஏற்பாடு மாறியது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது, 1200 மதிப்பெண் 600 ஆனது, மாநில ரேங்க் அறிவிப்பு நின்றது, ப்ளூ பிரிண்ட்டும் போனது. மு.ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த பாடத்திட்டத்தின்படி, 2019இல் பத்தாம் வகுப்புக்குப் புதிய புத்தகம் வந்தது. இப்போது கேள்வித்தாளின் அமைப்பு மட்டும்தான் தெரியும். எந்தப் பாடத்துக்கு எத்தனை கேள்வி என்பது வினாத்தாள் எடுப்பவருக்கே வெளிச்சம்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளைப் பார்ப்போம். ஒரு மார்க் 14. இரண்டு மார்க்கில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். 28ஆம் கேள்வி கட்டாயம். ஐந்து மார்க்கிலும் அதே கணக்கு, 42ஆவது கட்டாயம். கடைசியில் எட்டு மார்க் இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், மற்றது கிராஃப். கட்டாயத்தைக் கழித்தால் ஒவ்வொரு பிரிவிலும் 13இல் 4 கேள்வியை விடலாம். கவனியுங்கள், விடக்கூடியது 4 கேள்வி, பாடமல்ல. இரண்டு பாடத்தை அடியோடு ஒதுக்கிய பிள்ளைக்கு அவற்றிலிருந்தே ஐந்து கேள்வி வந்தாலோ, கட்டாயக் கேள்வியே அங்கிருந்து விழுந்தாலோ முழு மதிப்பெண் அப்போதே கைநழுவிவிடும்.

எதை நம்பிப் படிக்கலாம் என்பதையும் இதே தாள்தான் காட்டுகிறது. வடிவொத்த முக்கோணம், நடுக்கோடோ குத்துயரமோ கோண இருசமவெட்டியோ கொடுத்து முக்கோணம் வரைதல், வட்டத்துக்குத் தொடுகோடு. கிராஃபில் நேர்மாறல், எதிர்மாறல், இருபடிச் சமன்பாடு. எட்டு மார்க்குக்கு வரும் கணக்கு வகைகள் அவ்வளவுதான். ஸ்கேலும் காம்பஸும் கையில் படிந்துவிட்டால் 16 மதிப்பெண். ஒரு மார்க்கில் பாதி சரியானால் 7. இன்னும் ஆறு இரண்டு மார்க் கேள்வியைப் போட்டால் 35. தேர்ச்சிக்குத் தத்தளிக்கும் பிள்ளையை அல்ஜீப்ராவில் தொடங்கி வரிசையாகப் படிக்கச் சொல்வதைவிட இந்த வழி எவ்வளவோ மேல்.

அறிவியலில் ஒரு பொறி இருக்கிறது. செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. செய்முறையில் முழுசாக 25 வாங்கியவர் எழுத்தில் 10 எடுத்தால் கூட்டல் 35தான். ஆனாலும் தேர்ச்சி இல்லை. எழுத்தில் தனியாக 20 எடுத்தாக வேண்டும். ஏழு மார்க் கேள்விகள் மூன்றும் ‘அல்லது’ வகை; இரண்டு பக்கமும் படிக்காத பாடமாக அமைந்துவிடலாம். தமிழில் இந்தத் தொல்லை குறைவு. கடிதம், படிவம் நிரப்புதல், காட்சியைக் கண்டு கவினுற எழுதுதல் எல்லாம் பழகினால் வந்துவிடும்.

அடுத்து, ‘இம்பார்ட்டண்ட்’ தாள்கள். ஜெராக்ஸ் கடையிலும் வாட்ஸ்அப்பிலும் இந்தப் பருவத்தில் அவை புழங்காத இடமில்லை. “நாங்கள் சொன்னது அப்படியே வந்தது” என்பார்கள். எண்பது கேள்வியைப் பட்டியல் போட்டால் பத்து வராமலா போகும்? வராத எழுபதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய புத்தகக் கடைகளில் விற்கும் நோட்ஸுகளை நான் குறை சொல்லமாட்டேன். கோனார் உரை இல்லாமல் தமிழ்ப் பாடம் படித்த தலைமுறை இங்கே உண்டா? ஆனால் 2019க்குப் பிந்தைய பொதுத்தேர்வுத் தாள்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பாடத்தின் பெயரை எழுதிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பட்டியலையும்விட அது நேர்மையானது. கொரோனாவால் பாடத்திட்டம் குறைக்கப்பட்ட 2022 தாளை மட்டும் தனியே வைத்துவிட வேண்டும்.

மெல்லக் கற்போருக்கென்று பள்ளிகளில் கொடுக்கும் குறைந்தபட்சக் கையேட்டையும் எல்லாருக்கும் பொதுவாகக் கொள்ள முடியாது. அது 35க்காக எழுதப்பட்டது. எண்பது வாங்கக்கூடிய பிள்ளையும் அதையே புரட்டிக்கொண்டிருந்தால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

இன்று புத்தகமாவது எது என்று தெரியும். எதைப் படிப்பது என்று ஆசிரியருக்கே தெரியாத காலமும் இருந்தது. 2011இல் சமச்சீர் கல்வி என்ற பொதுப் பாடத்திட்டத்தை நிறுத்திவைக்கப் புதிய அரசு முனைந்தது, வழக்கு நடந்தது. ஜூனில் பள்ளி திறந்தும், பழைய புத்தகமா புதிய புத்தகமா என்பது முடிவாகவில்லை. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தங்கள் பாடத்திட்டம் எது என்று உறுதியானது.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் மீண்டும் நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் சுமை குறையும், சரி. ஆனால் முழுப் புத்தகத்தையே சாய்ஸில் விட்ட அந்தப் பழைய வழக்கம் திரும்ப வரவும் இதில் இடமுண்டு. ஜூனில் பதினொன்றில் சேர்க்கப் போகும் பெற்றோர், கட்டணத்தைக் கேட்கும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடலாம்: பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை எந்த மாதம் வரை நடத்துவீர்கள்?